வியாழக்கிழமை ஞானஸ்நானம்

ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ரொனால்டு தன் தங்கச்சியிடம் சொன்னது சுத்தப் பொய். தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கும் அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து ஒரு வருசம்கூட ஆகாத இளவட்டம். பிள்ளையைக் கொண்டு வாங்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே கொடுத்துவிடுவோம் என்று வாய் நிறையச் சொன்ன மனுசனைத்தான் இவன் கல்நெஞ்சுக்காரனாக்கிவிட்டு வந்தான்.

ஏன் அப்படிச் செய்தான் என்றால், அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்லியாக வேண்டும். ரொனால்டு, இஷாக் பாய் பிரியாணிக் கடையில் மாஸ்டர். ஞாயிறு என்றால் திண்டுக்கல்லில் பாதி வீட்டில் மத்தியானத்துக்கு உலை வைக்கமாட்டார்கள். இருட்டோடு விறகை மூட்டி, கறியை மிளகிலும் தயிரிலும் வேகவிட்டு, சீரகச்சம்பாவைக் கொட்டி, அண்டா மூடி மேல் நெருப்புக் கங்கை அள்ளிப் பரப்பித் தம் போட்டுவிட்டால், "இனி அது பாடு. நீ போயி ஒஞ் சாமியப் பாத்துட்டு வா" என்று பாய் அனுப்பிவிடுவார். கடையின் பின்கட்டிலேயே நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டையை மாட்டி, முதல் பாட்டு முடிவதற்குள் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவான். எம்புட்டுக் குளித்தாலும் பட்டை வாசம் மட்டும் போகாது.

சபையில் காணிக்கைப் பை தூக்குவது அவன்தான். நீளக் கம்பில் கோத்த சிவப்பு வெல்வெட்டுப் பை. அவனுடைய அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். உடம்பு வாடைக்கு யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதென்று காலமெல்லாம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்து கும்பிட்டுப் போனார். அவர் மகன் சபைக்கு நடுவே நிமிர்ந்து நடக்கிறான். வக்கீல் வீட்டம்மாவும் மார்த்தா டீச்சரும் அவன் நீட்டுகிற பையில் கை விடுகிறார்கள். அந்த நடைக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது. இம்புட்டுத்தான் விசயம். இம்புட்டுக்காகத்தான் இத்தனை அலங்கோலமும்.

தங்கச்சி தேவதர்ஷினி எரியோடு பக்கம் நூல் மில்லில் வேலைக்குப் போனவள். அங்கே நூல் சுற்றிய கோன் ஏற்றுகிற லாரியில் டிரைவராக வந்த செழியனோடு சேர்ந்து வாழ ஆரம்பித்துவிட்டாள். அவன் குஜிலியம்பாறைக்காரன். கெட்டவன் இல்லை, ஆனால் ஏற்கெனவே கல்யாணமாகி, அந்தப் பெண் பிரிந்து போய், விவாகரத்துக் கேஸ் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அது தீராமல் இவளுக்குத் தாலி கட்டவும் முடியாது, மோதிரம் மாற்றவும் முடியாது. சேதி தெரிந்த அன்றைக்கு, இனிமேல் அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று ரொனால்டு சொல்லிவிட்டான். அவன் பொண்டாட்டி பியூலா மட்டும் அவனுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்வாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

ஆடி பிறந்த வாரம், கடைப் பின்கட்டில் அவன் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"அண்ணே."

ரெண்டு வருசம் கழித்து வந்திருக்கிறாள். அரிசித் தண்ணீரை வடித்தான்.

"மெலிஞ்சு போயிட்டியேண்ணே. பியூலா மதினி நல்லாருக்காகளா?"

"ம்."

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்ணே. அம்மா இருந்தா அம்மாகிட்டக் கேட்டிருப்பேன். இப்ப எனக்கு நீதான இருக்க."

"அவென் எங்க?"

"வெளிய நிக்கிறாக. ஒன்னையப் பாக்கப் பயந்துக்கிட்டு ரோட்டுலயே நிக்கிறாக."

"கேஸு?"

"இழுக்குது. அந்தப் பொண்ணும் எழுதிக் குடுக்குறேன்னுதான் சொல்லுது. வக்கீலு இன்னைக்கி, நாளைக்கிங்கிறாரு. அது வரைக்கும் பிள்ளைய இப்பிடியே வச்சிருக்க முடியுமாண்ணே? போன மாசம் காச்ச வந்து கண்ணச் சொருகிருச்சு. ஆட்டோல தூக்கிட்டுப் போறப்ப, இயேசப்பா, இவன் ஒன் பிள்ளைன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலையேன்னு கெடந்து தவிச்சுப் போனேன்." மூக்கை முந்தானையால் துடைத்தாள். "நீ ஐயாகிட்டப் பேசு. மாமன் நீதான் தூக்கணும்."

அந்தச் சபையில் அது ஒரு வழக்கம். தாயின் கையிலிருந்து பிள்ளையைத் தாய்மாமன் வாங்கி, நடுப்பாதை வழியாக ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பின்னால்தான் வர வேண்டும். சபையை ஆரம்பித்த அமெரிக்காக்காரத் துரைமார் எதை எதையோ நிறுத்தினார்கள். தாய்மாமனை மட்டும் அவர்களால் அசைக்க முடியவில்லை.

பாயின் வீட்டம்மா ஜெய்தூன் பீவி உரித்த வெங்காயத்தைக் கொண்டுவந்தவர், பிள்ளையைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"யா அல்லா, மூக்கப் பாருங்க! அப்பிடியே மாமன உரிச்சு வச்சுருக்கு. ஏம்பா ரொனால்டு, தங்கச்சிய இப்பிடி நிக்க வச்சே பேசுற? உக்காரு தாயி. ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

அவள் சாப்பிட்டாள். பிள்ளை அண்ணாந்து ரொனால்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பேசுறேன் போ என்று சொல்லி அனுப்பி வைத்தான்.

பேசவும் செய்தான். ஐயர் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும் இவனுக்கு மொத்தச் சபையும் கண்முன் வந்துவிட்டது. நிறைந்த சபையில், தகப்பன் பேர் என்ன, எந்தச் சபை, கல்யாணம் எங்கே நடந்தது என்று பெஞ்சுக்குப் பெஞ்சு குசுகுசுப்பார்கள். மார்த்தா டீச்சர் திரும்பிப் பார்ப்பார். அந்தம்மா ஒரு தரம் திரும்பினால் போதும், நாகல்நகர் வரைக்கும் சேதி போய்விடும். அந்தப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, பை தூக்கி நடந்த அதே பாதையில் அவன் நடக்க வேண்டும்.

"ஐயா, பிள்ளைக்குக் கூட்டம்னாலே ஆகாது. வீறிட்டு அழும். தங்கச்சியும் கூச்சப்படுது. முந்தியெல்லாம் குடுப்பாகளே, வியாழக்கெழம மத்தியானம், அது மாதிரி சத்தமில்லாம..."

அப்படி ஒன்று இருந்தது வாஸ்தவம்தான். பழைய ஐயர்மார் காலத்தில், கல்யாணமாகாமல் பிறந்த பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை மத்தியானம், பக்கவாசல் வழி. மணி அடிக்கமாட்டார்கள், பாட்டுக் கிடையாது, மாமனும் கிடையாது. வியாழக்கிழமைப் பிள்ளை என்றே சிலருக்குப் பேர் நிலைத்துவிட்டது.

ஐயர் முகம் வாடிப்போனது. "அதை நான் வந்த உடனே விட்டாச்சே ரொனால்டு. அம்மா அப்பா என்ன செஞ்சிருந்தாலும் பிள்ளை என்ன செஞ்சது? உங்க தங்கச்சியே அப்படிக் கேக்குறாங்களா?"

"ஆமாங்கய்யா."

"அவங்க மனசு அதுதான்னா சரி. எனக்கு என்னமோ சம்மதமில்லை."

ஒரு பொய்யோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. வெளியே வந்து, புங்கமரத்தடியில் நின்று தங்கச்சிக்குப் போன் போட்டான். "ஐயரு ஒத்துக்கிடல தாயி. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். வியாழக்கெழமன்னா தாரேங்கிறாரு. பக்கவாசல் வழியா."

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது கேட்டது. பிறகு, "சரிண்ணே" என்றாள். "எனக்காகப் போயிக் கெஞ்சுனியாக்கும். நீ தூக்குவீல்ல?"

"தூக்குறேன்."

"அது போதும்ணே" என்றாள்.

வியாழக்கிழமை ஆடிக்காற்று பேய்க்காற்றாக அடித்தது. ரோட்டு மண்ணெல்லாம் எழும்பிச் சபை மதில்மேல் வந்து விழுந்தது. இஷாக் பாய் காலையிலேயே கேட்டார்: "மருமகனுக்கு விசேசம்ங்கிற. ஒரு சட்டி பிரியாணி கொண்டு போக வேணாமா?" எளிமையாக வைத்துவிட்டார்கள் பாய் என்று சொல்லி நழுவி வந்திருந்தான். வந்தவன் முதல் வேலையாக ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

அவர்கள் எரியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தர்ஷினி மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். செழியன் மடிப்புக் கலையாத வேட்டி. கூட, மில்லில் அவளோடு வேலை பார்க்கும் ரோஸ்மேரி, ஞானத்தாயாக நிற்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் பின்னல் தொப்பியும். பழக்கதோசத்தில் தர்ஷினி முன்வாசல் படியில் கால் வைத்துவிட்டாள். ரொனால்டு பக்கவாசலிலிருந்து கையைக் காட்டினான். அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள்.

பக்கவாசல் வழியில் உடைந்த பெஞ்சும் விளக்குமாறும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்த மூங்கிலும் கிடந்தன. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்தாள். நான் செய்ததற்கு இதுகூட இல்லையென்றால் எப்படி என்பதுபோலத் தலையைக் குனிந்திருந்தாள். ரொனால்டு அதைப் பார்த்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனுசன் சொல்லவில்லையே!

"இந்தாண்ணே" என்று பிள்ளையை நீட்டினாள்.

வாங்கினான். வாங்கின மாத்திரத்தில் அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. பால் வாசமும் பவுடர் வாசமும் அடித்தது. இம்புட்டு லேசாகவா இருக்கும் பிள்ளை என்று நினைத்தான்.

ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். "ஜன்னலெல்லாம் ஏன் சாத்திக் கிடக்கு?"

"காத்துங்கய்யா."

ஐயர் தர்ஷினியைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கம்மா. பிள்ளை அழவே காணோமே. கூட்டம்னா வீறிட்டு அழும்னு அண்ணன் சொன்னாரே. எனக்கு ஞாயித்துக்கிழமை சபையார் முன்னால கொடுக்கத்தான் ஆசை. நீங்கதான் கூச்சப்பட்டு வியாழக்கிழமை கேட்டீங்கன்னாரு. அதான் ஒத்துக்கிட்டேன்."

"நானாங்கய்யா?" என்றாள் தர்ஷினி.

காற்றில் பக்கவாசல் கதவு படீரென்று அடித்துத் திறந்தது. யாரும் போய்ச் சாத்தவில்லை. ஐயர் ரொனால்டைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா ஒத்துக்கிடலன்னியேண்ணே?"

"இல்ல தாயி... நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக... எல்லாரும் பாப்பாக... ஒனக்குத்தான அசிங்கம்னு..."

"எனக்கா?"

அவனுக்குக் காது மடல் ரெண்டும் கொதித்தது.

"ஒனக்குக் கூச்சமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே வியாழக்கெழம வாரேன்னு சொல்லியிருப்பேண்ணே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "ஐயா வேணாம்னுட்டாகன்னதும், அந்த ஏசுவே வேணாம்னுட்டாருன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். அது பொய்யாண்ணே?"

கிட்டே வந்து பிள்ளையைத் தூக்கினாள். அது பொத்தானை விடாமல் பிடித்திருந்தது. அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாக அவளே எடுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழமக்கி வாரோம்யா" என்று ஐயரிடம் சொன்னாள். செழியன் போய் முன்வாசல் பெரிய கதவின் தாழ்ப்பாளை நீக்கினான். நாலு பேரும் அந்த வழியாக இறங்கிப் போனார்கள். செழியன் மட்டும் திரும்பி, "வாரோம் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட ரொனால்டுக்கு அப்படி உறைத்திருக்காது.

பியூலாவிடம் அவனே சொன்னான். அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள்.

"என்னங்க மனுசன் நீங்க? அந்தப் பிள்ளை ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சது? எங்கிட்டப் போன்ல என்ன சொன்னா தெரியுமா? அண்ணே எனக்காக ஐயர்கிட்டப் போயிக் கெஞ்சிருக்காக மதினி, இது போதும் எனக்குன்னு அழுகுறா."

"விடுடி."

"எதை விட? ஐயரையும் கல்நெஞ்சுக்காரரா ஆக்கியாச்சு. ஞாயித்துக்கெழம எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவரு முன்னால பை தூக்குவீக?"

அவனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பாயிடம் போய், "ஞாயித்துக்கெழம சபைக்கு ஒரு அண்டா ஆக்கணும் பாய்" என்றான். எளிமையாக வைத்ததாகச் சொன்னாயே என்று பாய் கேட்கவில்லை. "பெரிய அண்டாவ எடுத்துக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆக்கினான். அப்படி ஓர் ஆக்கு அவன் ஆயுசில் ஆக்கியதில்லை. தம் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, சபைக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனபோது பாட்டு முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சபை வேலைக்காரரிடம் காணிக்கைப் பையை நீங்களே பாத்துக்குங்க என்று முன்னமே சொல்லியிருந்தான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

முன் வரிசையில் மாம்பழ நிறச் சேலை தெரிந்தது. பியூலா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தேவதர்ஷினி, செழியன் இவங்களோட மகனுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம்" என்றார் ஐயர். "பிள்ளையைக் கொண்டு வாங்க."

ரொனால்டு பாதி எழுந்துவிட்டான். கூப்பிடுவாள், திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், ஓடிப் போய் வாங்கிவிடலாம் என்று அந்தக் கணம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த ரோஸ்மேரியிடம் பிள்ளையைக் கொடுத்தாள். ரோஸ்மேரி எழுந்து ஐயரிடம் போனாள். இவன் எழுந்த வாக்கில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"எலியா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே..."

தண்ணீர் பட்டதும் பிள்ளை களுக்கென்று சிரித்தது. சபையே சிரித்தது. குசுகுசுப்பு ஒன்றும் இவன் காதில் விழவில்லை. எவரும் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த பெரியவர் ஒருத்தர், "நல்ல தைரியமான பய" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். இதற்கா பயந்தோம் என்று ரொனால்டுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் புங்கமரத்தடியில் அண்டாவைத் திறந்தார்கள். வாசம் ரோடு வரைக்கும் போனது. கேள்வியும் அங்கேதான் வந்தது. கேட்டது மார்த்தா டீச்சர்.

"ஏம்பா ரொனால்டு, குத்துக்கல்லு மாதிரி மாமன் நீ இருக்க. பிள்ளைய எதுக்கு அந்தப் பொண்ணு தூக்கிட்டுப் போச்சு? நம்ம சபையில இப்பிடி நடந்ததே இல்லையே."

தகப்பன் யார் என்று கேட்கவில்லை. கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்கவில்லை. இதைக் கேட்டார். கையில் தட்டு வைத்திருந்த ஏழெட்டுப் பேர் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்குக் கையில கொதி எண்ணெ கொட்டிருச்சு டீச்சர்" என்றாள் தர்ஷினி. எப்போது கிட்டே வந்தாள் என்றே தெரியவில்லை. "காலையில ஆக்குறப்ப. பிள்ளையத் தவற விட்டுருவேனோன்னு பயந்துட்டாக. நாந்தான் வேணாம்ணேன்னுட்டேன்."

"அடப்பாவமே! எந்தக் கை?"

ரொனால்டின் வலது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது.

"சுட்ட கையோடயா இம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப் போட்டிருக்க?" மார்த்தா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமன்னா இவன்தாம்ப்பா மாமன். பாத்துக்கங்கப்பா எல்லாரும்."

ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். ஒருத்தர் களிம்பு வாங்கிவரட்டுமா என்றார். ஒருத்தர் வாழைப்பட்டைச் சாறு நல்லது என்றார். ஐயர் கொஞ்சம் தள்ளி நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொனால்டுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் தங்கச்சியிடம் போனான். கையைப் பையிலிருந்து எடுத்தான். ஒரு தழும்புகூட இல்லாத கை.

"தர்ஷி, எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன் ஆத்தா. நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லிர்றேன். பிள்ளையக் குடு. ஒரு தடவ தூக்கிக்கிறேன்."

அவள் பிள்ளையைச் செழியனிடம் கொடுத்தாள். அண்ணனின் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை உருவி, உதறி, அவன் வலது கையைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாரும் பாக்குறாகண்ணே" என்றாள். "கைய ஆட்டாத."

அவள் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கட்டுப்போடுவதுபோல நிதானமாகச் சுற்றி, முடிச்சை இறுக்கினாள். பிறகு செழியனிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"ஃபோட்டோ, ஃபோட்டோ!" என்று மார்த்தா டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தாயும் பிள்ளையும் நடுவுல நில்லுங்க. ரோஸ்மேரி, நீயும் வா. ரொனால்டு, எங்க ஒளியுற? மாமன் இல்லாமப் படமா? தங்கச்சி பக்கத்துல நில்லு."

நின்றான். பிள்ளை அவன் பக்கம் திரும்பி அந்த வெள்ளைக் கட்டையே பார்த்தது. அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"ஏம்பா, கைய மறைக்காத. முன்னால வையி" என்றார் டீச்சர். "நாளைக்கி இந்தப் பய படத்தப் பாத்துட்டுக் கேட்டா, மாமன் எனக்காகச் சுட்டுக்கிட்ட கைன்னு தெரிய வேணாமா? அடிபட்ட கைதான, அதுல என்ன வெக்கம்?"

ரொனால்டு கையை முன்னால் எடுத்து வைத்தான்.